கென்யாவில் சஃபாரி: மாதம் பார்ப்பதிலிருந்து மஞ்சள் அட்டை வரை

சுவாஹிலி மொழியில் 'சஃபாரி' என்றால் வெறும் பயணம்தான். நைரோபியில் இருப்பவர் மொம்பாசாவில் இருக்கும் மாமியாரைப் பார்க்கப் போனாலும் அது சஃபாரிதான். சிங்கமும் ஜீப்பும் அந்தச் சொல்லோடு பிற்பாடு ஒட்டிக்கொண்டவை.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஓர் ஆகஸ்டில், 7 நாளில் 5 பூங்கா என்று கட்டிய திட்டத்தோடு. அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாரா, நைரோபி என்று காகிதத்தில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஊருக்கு வந்து கணக்குப் போட்டால் விலங்குகளைப் பார்த்த நேரத்தைவிடத் தார்ச்சாலையைப் பார்த்த நேரம்தான் அதிகம். இரண்டாம் முறை பிப்ரவரியில், மச்சான் குடும்பத்தோடு சேர்ந்து நாலு பேராக, பெரும்பாலும் ஒரே இடத்தில். இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால்: பூங்காக்களைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள், அறைக்குக் கொடுக்கும் காசை வண்டிக்கும் கைடுக்கும் மாற்றுங்கள்.

எங்கே, எத்தனை இடம்

முதல் சஃபாரிக்குக் கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் யோசிப்போம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் தார்ச்சாலை உண்டு. வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டலாம். தான்சானியாவின் செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். அதோடு வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் கென்யாவின் மசாய் மாரா 1,510 சதுர கிலோமீட்டர்தான். விலங்குகளுக்கு இரண்டும் ஒரே காடு. ஆனால் வரைபடத்தைப் பார்த்து "இங்கிருந்து அப்படியே அங்கே போய்விடலாமே" என்று நினைக்காதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த இடத்தில் எல்லைக் கதவு கிடையாது. சுற்றித்தான் போக வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும். மாட்டைப் போலத் தோன்றும் மான்வகையான வில்டபீஸ்ட்டிடம் பாஸ்போர்ட் கேட்பதில்லை, நம்மிடம் கேட்பார்கள்.

நான் கென்யாவைச் சொல்வதற்குக் காரணம், அங்கே குறைந்த தூரத்தில் நிறையப் பார்க்கலாம் என்பதுதான். ஒரு வாரம் இருந்தால் நைரோபியில் ஓர் இரவு, அம்போசெலியில் இரண்டு, நைவாஷாவில் ஒன்று, மாராவில் மூன்று என்று வையுங்கள். அம்போசெலி நைரோபிக்குத் தெற்கே, மாரா மேற்கே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே மூச்சில் போனால் முதுகு கழன்றுவிடும், நைவாஷா அதற்குத்தான்.

அம்போசெலி 392 சதுர கிலோமீட்டர் கொண்ட சிறிய பூங்கா. அங்கே போவது யானைகளுக்காக. 1972 முதல் அந்த யானைக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் வைத்துப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அதனாலோ என்னவோ வண்டியைக் கண்டு அவை மிரளுவதில்லை. பின்னால் 5,895 மீட்டர் உயரத்துக் கிளிமஞ்சாரோ நிற்கும். மலை இருப்பது தான்சானியாவில். நல்ல காட்சி கிடைப்பது இங்கே. அதிகாலையிலும் சாயங்காலமும்தான் மேகம் விலகும். மதியம் போய் நின்றுகொண்டு மலையைக் காணோம் என்று கைடிடம் சண்டை போட வேண்டாம்.

நகுருவுக்குப் போவதென்றால் காண்டாமிருகத்துக்காகப் போங்கள். இளஞ்சிவப்புப் போர்வை விரித்த மாதிரி பூநாரைகள் நிறைந்த அந்தப் பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள். ஏரியின் நீர்மட்டம் உயர்ந்துபோனதில் பூநாரைகள் குறைந்துவிட்டன. சாவோ என்ற இன்னொரு பூங்காவுக்கு ஒரு கதை உண்டு: 1898-இல் ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு சிங்கங்கள் தொழிலாளர்களை இரவில் கூடாரத்திலிருந்து இழுத்துப் போன இடம் அது. அந்தத் தொழிலாளர்களில் பலர் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்கள். இருந்தாலும் முதல் பயணத்தில் சாவோவைச் சேர்க்க மாட்டேன். பெரிய காடு, புதர் அதிகம், விலங்கைத் தேட நாள் வேண்டும்.

எந்த மாதம்

எல்லோரும் கேட்பது 'கிரேட் மைக்ரேஷன்' எப்போது என்று. அது ஒரு நாள் திருவிழா இல்லை. வருடம் முழுக்க நடக்கும் சுற்று. பத்து லட்சத்துக்கு மேல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் வில்டபீஸ்ட் கூட்டம், வரிக்குதிரைகளையும் சேர்த்துக்கொண்டு, மழை முளைக்கவைக்கும் புல்லைத் துரத்திக்கொண்டே போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கு செரெங்கெட்டியில் குட்டி போடும். ஜூலை வாக்கில் வடக்கே வரத் தொடங்கி அக்டோபர் வரை மாரா பக்கம் இருக்கும். பிறகு மறுபடியும் தெற்கு. ஆற்றைக் கடக்கும் காட்சி வேண்டுமானால் ஆகஸ்ட், செப்டம்பர்.

ஆனால் அந்த மாதங்களில்தான் உலகமே அங்கே இருக்கும். கட்டணமும் அப்போதுதான் உச்சம். மசாய் மாராவின் நுழைவுக் கட்டணம் 2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்கு, ஜூலை – டிசம்பரில் நாளொன்றுக்குத் தலைக்கு 200 டாலர், ஜனவரி – ஜூனில் 100 டாலர். இரண்டு பேர் மூன்று நாள் இருந்தால் ஆகஸ்டில் வாசலிலேயே 1,200 டாலர், பிப்ரவரியில் 600.

என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு ஜனவரி கடைசி, பிப்ரவரி. வில்டபீஸ்ட் பெருங்கூட்டம் இருக்காது. ஆனால் சிங்கமும் சிறுத்தையும் சிவிங்கியும் (ஆங்கிலத்தில் சீட்டா) யானையும் எங்கும் போய்விடுவதில்லை. மாராவின் நிரந்தரக் குடிமக்கள் அவை. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை, நவம்பர் – டிசம்பரில் சிறுமழை. மாராவின் மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியேதான்: காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் பசை. பிப்ரவரியில்கூட ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் கொட்டிய மழையில் எங்கள் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. சுற்றிலும் எருமைகள் மேய்ந்துகொண்டிருக்க, இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும் வரை யாரும் கீழே இறங்கவில்லை. ஏப்ரலில் போனால் இதுதான் தினப்படி.

வண்டி, கைடு, ஏஜென்ட்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கென்யாவில் சஃபாரிக்கு இரண்டு வகை வண்டி. ஒன்று, கூரையைத் தூக்கி வைக்கக்கூடிய டொயோட்டா வேன். விலை குறைவு, காய்ந்த தரையில் ஓடும், ஈரத்தில் கதை முடிந்தது. இன்னொன்று, அதே மாதிரிக் கூரை திறக்கும் லேண்ட் க்ரூஸர். நாலு சக்கரமும் இழுக்கும், உயரமாகவும் இருக்கும். நாலு பேர் பகிர்ந்துகொண்டால் லேண்ட் க்ரூஸரே கட்டுப்படியாகும். தனி வண்டி, ஓட்டுநர், எரிபொருள் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 200 முதல் 300 டாலர் வரை எங்களுக்கு விலை சொன்னார்கள். நாலாகப் பிரித்தால் நம்மூர் வால்பாறைப் பயணத்துக்கு வண்டி எடுப்பதைவிட ரொம்பவும் பயமுறுத்துவதில்லை.

முன்பின் தெரியாத ஆறேழு பேரோடு சேர்த்து அனுப்பும் பகிர்வுப் பயணமும் உண்டு, மலிவு. நான் முதல் முறை போனது அப்படித்தான். ஒருவருக்குப் பறவை வேண்டும், ஒருவருக்குச் சிங்கம் மட்டும் வேண்டும், ஒருவருக்கு எதுவும் வேண்டாம், சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. நடுவில் நின்று திண்டாடுவது கைடு.

முன்பணம் அனுப்புவதற்கு முன் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில:

- வண்டி எது, அதில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா?
- பூங்காக் கட்டணம் சேர்ந்ததா, எத்தனை நாளுக்கு?
- ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று கட்டுப்பாடு உண்டா?
- கைடு யார், அவருக்குக் கென்ய சஃபாரி கைடுகள் சங்கத்தின் சான்றிதழ் உண்டா?
- தங்குமிடம் காப்பகத்தின் உள்ளேயா, வெளியேயா, எந்தக் கதவுக்குப் பக்கத்தில்?

இரண்டாவது கேள்வியில்தான் நான் முதல் தடவை மாட்டினேன். "எல்லாம் சேர்த்து" என்று சொன்ன ஏஜென்ட், மாராவில் கடைசி நாள் காலைக்கான கட்டணத்தைச் சேர்க்கவில்லை. டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். வெளியே தங்கினால் உள்ளே நுழையும் ஒவ்வொரு நாளுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். காப்பகத்துக்குள் தங்குபவர்களுக்குக் கிளம்பும் நாள் காலை 10 மணி வரை அவகாசம். அந்தக் கடைசிக் காலையை ஓட்டலின் புல்வெளியில் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்துக் கழித்தேன்.

கைடுகளுக்கான அந்தச் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தேர்வு வைக்கிறது. வெள்ளி நிலைக் கைடு கிடைத்தால் நூறு டாலர் அதிகம் கேட்டாலும் கொடுங்கள். அறையில் குளியல் தொட்டி இருக்கிறதா என்பது சஃபாரியில் ஒரு விஷயமே இல்லை. விடிவதற்கு முன் கிளம்பி இருட்டும்போது திரும்பும் உங்களுக்கு அறை தூங்குவதற்கு மட்டும்தான்.

'லாட்ஜ்' என்றதும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜ் நினைவுக்கு வந்தால், அது இல்லை. அங்கே லாட்ஜ் என்பது பெரும்பாலும் ஆடம்பர விடுதி. மலிவாக வேண்டுமென்றால் 'டென்டட் கேம்ப்': சிமென்ட் தளத்தின் மேல் கூடாரம், உள்ளே கட்டில், பின்னால் வெந்நீரோடு குளியலறை. மாராவின் செகெனானி, தாலெக் கதவுகளுக்கு வெளியே இப்படி நிறைய உண்டு.

கையில் காசு இருந்தால் ஆடம்பர விடுதிக்குப் பதில் மாராவை ஒட்டிய கன்சர்வன்சி ஒன்றில் இரண்டு இரவு தங்குங்கள். நபோய்ஷோ, மாரா நார்த், ஒலாரே மோடொரோகி என்று பல உண்டு. அந்தப் பகுதியின் மசாய் இனக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு உருவானவை. குத்தகைப் பணம் அவர்களுக்குப் போகிறது. அங்கே தங்கும் விருந்தினர் வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. காப்பகத்தில் முடியாத இரவு சஃபாரியும் நடைப்பயணமும் அங்கே முடியும்.

ஊசி, அனுமதி, டாலர்

கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். எந்த மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்கள் மட்டுமே. சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் போட வேண்டும். அதே சந்திப்பில் மலேரியா மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். அதைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் சில நாள் தொடர வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

விசாவுக்குப் பதில் 2024 ஜனவரி முதல் இடிஏ எனும் மின்னணு அனுமதி. கட்டணம் 30 டாலர் சொச்சம். பாஸ்போர்ட், படம், விமான டிக்கெட், தங்குமிட உறுதிச் சீட்டு போதும். தேடினால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி மூன்று மடங்கு வசூலிக்கும் தளங்கள் முதலில் வரும். முகவரியின் கடைசியில் கென்ய அரசுக்கான எழுத்துகள் (.go.ke) இருக்கின்றனவா என்று பாருங்கள். மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் துபாய், அபுதாபி, தோகா வழியும் சரிவரும்.

டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும். 2013-க்கு முந்தையதையும் கிறுக்கியதையும் ஓரம் கிழிந்ததையும் வாங்க மாட்டார்கள். சில்லறைச் செலவுக்குக் கென்ய ஷில்லிங். அங்கே காய்கறிக் கடை வரை எம்-பெசா எனும் செல்பேசிப் பணச் சேவையில்தான் ஓடுகிறது. 2007-இலேயே செல்பேசியில் பணம் அனுப்பத் தொடங்கிவிட்ட நாடு. நாம் யுபிஐ பற்றிப் பெருமை பேசும்போது கைடு பணிவாகச் சிரித்துக்கொள்வார்.

பையில் என்ன

மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏறக்குறைய ஏற்காட்டு உயரம். பூமத்திய ரேகை பக்கத்தில்தானே என்று மெல்லிய சட்டையோடு போனால் காலை 6 மணிக்குத் திறந்த கூரையில் பல் கிட்டும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, மேலே ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை. 10 மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். நிறம் மண், காக்கி, சாம்பல். கறுப்பும் கருநீலமும் ட்ஸெட்ஸி ஈக்களை இழுக்கும். செரெங்கெட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு இது முக்கியம், ஜீன்ஸ் துணியைத் தாண்டிக் கடிக்கும். இராணுவ உடை மாதிரித் துணியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. விமான நிலையக் கடைப் பையைக்கூட இறங்குவதற்கு முன் கழித்துவிடுவது நல்லது. நம்மிடம்தான் மஞ்சப்பை இருக்கிறதே. இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நைரோபிக் கடையில் இரண்டு கிலோ பயறு வாங்கி அதில் கொட்டி வாயைக் கட்டினால், வண்டிக் கூரையின் விளிம்பில் கேமரா லென்ஸை வைக்க அதைவிட நல்ல மெத்தை கிடையாது. காட்டில் முக்காலி நட்டுவைக்க இடமே இருக்காது. கடைசி நாள் பயறைக் கேம்ப் சமையலறையில் கொடுத்துவிடலாம்.

மற்றபடி 8×42 பைனாகுலர், ஆளுக்கு ஒன்று. இரண்டு பேருக்கு ஒன்று என்றால் குடும்பத்தில் சண்டை நிச்சயம். பிளக் மூன்று சதுரக் காலுடைய பிரிட்டிஷ் வகை. டிரோன் வேண்டாம், அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் பறிமுதல்தான். நைரோபியின் வில்சன் நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் மாராவுக்குப் பறப்பதானால் 15 கிலோதான், அதுவும் உருளை வைத்த பெட்டி இல்லாமல் துணிப்பையில்.

காட்டுக்குள்

முதல் நாள் கைடு கேட்பார்: என்ன பார்க்க வேண்டும்? 'பிக் ஃபைவ்' என்று சொல்லிவிடாதீர்கள். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற அந்தப் பட்டியல் வேட்டைக்காரர்கள் போட்டது. காலால் நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தான ஐந்து. கென்யாவில் வேட்டையே 1977-இல் தடை ஆகிவிட்டது, பட்டியல் மட்டும் டீ-சட்டையில் தங்கிவிட்டது. அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து கைடு உங்களை ஐந்துக்கும் இடையே துரத்திக்கொண்டு ஓடுவார். "உங்களுக்கு எது பிடிக்குமோ அதைக் காட்டுங்கள், அவசரம் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகமே மாறும். 'போலே போலே' என்ற சொல்லையும் கற்றுக்கொள்ளுங்கள்: மெல்ல மெல்ல.

நமக்குப் பாதிச் சுவாஹிலி ஏற்கெனவே தெரியும். வண்டிக்கு காரி, கடைக்கு டுகா, காசுக்குப் பேசா, தேநீருக்குச் சாய், சப்பாத்திக்குச் சப்பாத்தி. எல்லாம் கடல் வணிகத்தில் கரையேறியவை. வரிக்குதிரையை அவர்கள் 'புண்டா மிலியா', கோடு போட்ட கழுதை என்கிறார்கள். நாம் குதிரையைப் பார்த்த இடத்தில் அவர்கள் கழுதையைப் பார்த்திருக்கிறார்கள். கழுதைப்புலிக்கு வந்தால் நாம் கழுதையை எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு சொல் பஞ்சாயத்து. நம் செய்தித்தாள்கள் சிறுத்தையையும் சிவிங்கியையும் போட்டுக் குழப்பும். மரத்தில் ஏறிப் படுப்பது, உடம்பில் ரோஜா இதழ் மாதிரி வளையங்கள் உள்ளது சிறுத்தை, சுவாஹிலியில் சூயி. வெட்டவெளியில் ஓடுவது, கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு உள்ளது சிவிங்கி, டூமா. ஒட்டகச்சிவிங்கியின் பெயரில் ஒளிந்திருப்பதும் இந்தச் சிவிங்கிதான்: ஒட்டக உடம்பு, சிவிங்கியின் புள்ளி. இந்தியாவில் சிவிங்கி 1950-களின் தொடக்கத்திலேயே அற்றுப்போனதால் நமக்குச் சொல்லும் தேய்ந்துவிட்டது.

விலங்கைத் தேடுவது எப்படி? விலங்கைத் தேடாதீர்கள். தப்பாக இருப்பதைத் தேடுங்கள். புல்வெளியில் கிடைமட்டமாக ஒரு கோடு, மரத்திலிருந்து நேராகத் தொங்கும் ஒரு 'விழுது' (அது வாலாக இருக்கலாம்), கரையான் புற்றின் மேல் நேற்று இல்லாத ஒரு மேடு. மான்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து மேயாமல் நின்றால் நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள். கழுகுகள் மரத்தில் உட்கார்ந்திருந்தால் கீழே சாப்பிடுகிறவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சுரைக்காய் மாதிரி நீளக் காய் தொங்கும் கிஜீலியா மரத்தைக் கண்டால் கிளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிறுத்தைக்குப் பிடித்த கட்டில்.

ஒரு காலையைச் சொல்கிறேன். பிப்ரவரி, மணி ஏழு இருக்கும். கரையான் புற்றின் மேல் ஒரு பெண் சிவிங்கி, அடிவாரத்தில் மூன்று குட்டிகள். கைடு 40 அடி தள்ளி வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டார். ஒவ்வொரு வண்டியாக வந்தது. ஐந்து நிமிடம், படம், அடுத்த இடம். எங்கள் மச்சானும் நெளிய ஆரம்பித்தார். கைடு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்து, "அவளுக்குப் பசி, வயிற்றைப் பாருங்கள்" என்றார். விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. ஒன்றே கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் இறங்கினாள். தலை தோளுக்குக் கீழே, கண் மட்டும் தூரத்துத் தாம்சன் மான்கள் மேல். குட்டிகள் புல்லில் அமுங்கிவிட்டன; யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவள் நடந்தாள், நின்றாள், நடந்தாள். அப்புறம் ஓடியதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது; புழுதிக் கோடு ஒன்று வளைந்தது, அவ்வளவுதான். மான் தப்பித்துவிட்டது. அவள் திரும்பி வந்து எங்கள் வண்டி நிழலில் படுத்தாள், விலா ஏறி இறங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு குட்டிகளைக் கூப்பிட்டாள். உறுமலை எதிர்பார்த்தேன். குருவி மாதிரிக் கீச்சிட்டாள்.

மச்சான் அதற்கப்புறம் எங்கேயும் "போகலாமா" என்று கேட்கவில்லை.

காட்டுக்கு விதிகள் உண்டு, கைடு மீறச் சொன்னாலும் மீறாதீர்கள். காப்பகத்துக்குள் தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது. மாரா ட்ரையாங்கிள் எனப்படும் மேற்குப் பகுதியில் ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. மற்றவை தள்ளிக் காத்திருக்க வேண்டும். கூரை வழியே எழுந்து நிற்கலாம், கூரை மேல் ஏறக் கூடாது. சிங்கத்துக்கு வண்டியும் நாமும் சேர்ந்து ஒரே உருவம். ஒரு கால் கீழே வைத்தால் அந்த உருவம் உடைந்துவிடும். சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். 'டயர் பார்ப்பது' என்று அதற்கு ஒரு நாகரிகப் பெயர் இருக்கிறது. கைடு சுற்றிலும் பார்த்து இடம் சொல்வார்.

ஆற்றங்கரை

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு. மாரா ஆற்றின் கரையில் வில்டபீஸ்ட் கூட்டம் சேரும். முன்வரிசை தண்ணீர் வரை வந்து முகரும். பின்னால் இருப்பது நெருக்கும். ஒரு வரிக்குதிரை காலை வைக்கும், எடுக்கும். கரைக்கு ஒதுங்கிய மரக்கட்டை ஒன்று கண்ணைச் சிமிட்டும், அது முதலை. வண்டிகளெல்லாம் கரையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். முதல் சில விலங்குகள் இறங்கிய பிறகுதான் முன்னே நகரலாம். வழியை அடைத்தால் அவை கடப்பதே இல்லை. அப்படியும் முண்டியடிக்கிற வண்டிகளைப் பார்ப்பீர்கள். நம் கைடு அதில் ஒருவராக இருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மதிய உணவுப் பெட்டி காலி, தண்ணீர் காலி. கடைசியில் எது முடிவு செய்தது என்று தெரியவில்லை, மொத்தக் கூட்டமும் திரும்பி மேயப் போய்விட்டது. மறுநாள் எங்களுக்கு நகுரு போக வேண்டியிருந்தது. எனவே ஆற்றைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மாராவில் நாலு இரவுக்குக் குறையாமல் இருங்கள்.

பலூனில் பறப்பது ஆளுக்கு ஏறத்தாழ 450, 500 டாலர். நான் போகவில்லை, அந்தக் காசில் இன்னும் இரண்டு நாள் மாராவில் இருந்துவிட்டேன்.

கேம்ப், சாப்பாடு, டிப்ஸ்

இரவு கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக நடக்காதீர்கள். டார்ச் காட்டினால் அஸ்காரி எனும் காவலர் வருவார், பெரும்பாலும் சிவப்புப் போர்வை போட்ட மசாய் இளைஞர். ஆறு பக்கத்தில் இருந்தால் நீர்யானை இரவில் மேய வரும். பகலில் தண்ணீருக்குள் சோம்பேறியாகத் தெரிவது, இரவில் வழியில் நின்றால் மனிதனை ஓடிப் பிடிக்கும். கூடாரத்தின் ஜிப்பை மேலே வரை இழுத்து மூடுங்கள், குரங்கு பிஸ்கட்டுக்கு வரும்.

சைவம் கிடைக்குமா என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. குஜராத்திகள் தலைமுறைகளாக இருக்கும் நாடு, கஷ்டமே இல்லை. சோள மாவைக் களி மாதிரிக் கிண்டிய உகாலியையும், அதோடு வரும் சுகுமா விக்கி கீரைப் பொரியலையும் சாப்பிட்டுப் பாருங்கள். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் கை தானாகவே உருட்டும். இருந்தாலும் ஊறுகாய் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

மசாய் கிராமம் பார்க்க அழைப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிட்டு, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். காப்பகக் கதவில் அனுமதிச் சீட்டுக்காக நிற்கும் பத்து நிமிடத்தில் மணிமாலை விற்கும் பெண்கள் ஜன்னலுக்குள் கையை விடுவார்கள். வாங்குவதென்றால் பேரம் பேசுங்கள், இல்லையென்றால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். விலை கேட்டால் அது வாங்குவதாக அர்த்தம்.

கைடுக்கு ஒரு பயணி நாளொன்றுக்கு 10 டாலர் என்ற கணக்கில் கடைசி நாள் உறையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். கேம்ப் பணியாளர்களுக்குப் பொதுப் பெட்டி இருக்கும்.

திரும்புதல்

நைரோபி விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மாராவிலிருந்து அன்றைக்கே சாலையில் வந்து இரவு விமானம் பிடிப்பதானால் காலையிலேயே கிளம்புங்கள், அந்த 270 கிலோமீட்டருக்கு 6 மணி நேரம் ஆகும். ரிஃப்ட் பள்ளத்தாக்கு ஏற்றத்தில் ஒரு லாரி நின்றுவிட்டால் எல்லாமே நின்றுவிடும்.

மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் கைப்பையில், பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். முதல் பயணம் முடிந்து சென்னையில் இறங்கியபோது, குடியேற்ற வரிசைக்கு முன்னால் இருந்த சுகாதார மேசையில் நிறுத்தி, "எங்கிருந்து வர்றீங்க?" என்றார்கள். "நைரோபி." "கார்டு?" அது என் பெட்டிக்குள், அழுக்குத் துணிக்கு அடியில். பெட்டி குடியேற்றத்துக்கு அப்பால், பெல்ட்டில். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மனைவி கைப்பையைத் திறந்து இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தாள். நைரோபியில் நான் பெட்டி கட்டிய லட்சணத்தைப் பார்த்து அப்போதே எடுத்து வைத்துக்கொண்டாளாம்.